அத்தியாயம் 7: பீங்கான் பட்டறையில் ஆறு வார இன்டர்ன்ஷிப்

தரவுப் பகுப்பாய்வு ஆலோசனை என்றதும் மாணவர்களின் கண் சென்னைப் பக்கம் போகிறது. 2006-இல் சென்னையில் தொடங்கிய லேட்டன்ட்வியூ அனலிட்டிக்ஸ் 2021 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்த பிறகு, இந்த வேலையின் பெயர் கடலூர் மாவட்டக் கல்லூரிகளிலும் அடிபடத் தொடங்கியது. ஆனால் நல்லூரிலோ வேப்பூரிலோ மங்கலம்பேட்டையிலோ இருந்து கல்லூரிக்குப் போகும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அங்கே கோடையில் இடம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் தங்கவும் சாப்பிடவும் ஆகும் செலவை வீடு தாங்க வேண்டும்.

பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்குள்ள சிறு பட்டறைக்காரருக்குத் தினமும் ஒரு கேள்வி உண்டு: சூளையில் ஏற்றியதில் எவ்வளவு நல்ல சரக்காக இறங்கும், எவ்வளவு போகும்? அந்தக் கேள்விக்கு ஆறு வாரத்தில் கணக்கோடு பதில் சொன்னால், ஆலோசனைத் தொழிலின் சாரத்தை நீங்கள் கற்றுவிட்டீர்கள். ஒருவர் நாளைக்கு எடுக்கப்போகும் முடிவை எண்களைக் கொண்டு மேம்படுத்திக் கொடுப்பதுதான் அந்தத் தொழில். மென்பொருள் அதற்குப் பிறகு வருகிறது.

இது நடக்கிற காரியம் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் போதும். 1953-இல் ஜப்பானின் இனா ஓடு நிறுவனத்தில், சூளைக்குள் இடத்துக்கு இடம் வெப்பம் மாறியதால் ஓடுகளின் அளவும் மாறியது. சூளையை மாற்றிக் கட்டப் பெரும் பணம் வேண்டும். அவர்கள் மண் கலவையின் பொருட்களைத் திட்டமிட்டு மாற்றிச் சோதித்தார்கள். சுண்ணாம்பை 1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தினால் வெப்ப வேறுபாட்டின் பாதிப்பு குறைகிறது என்று கண்டார்கள். அந்தச் சோதனை முறையை உலகறியச் செய்த கெனிச்சி தாகுச்சி, அடுத்த ஆண்டு கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்தார். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய கோட்பாடு இவ்வளவுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் உள்ள ஒரு கணினி. பைதான் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பரவாயில்லை.
- பிவட் அட்டவணை, சதவீதம், பட்டை வரைபடம் ஆகியவற்றில் பழக்கம்.
- கோடு போட்ட கெட்டி நோட்டு, கயிறு கட்டிய பேனா, மார்க்கர்.
- கல்லூரித் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம். எத்தனை மணி நேரப் பயிற்சிக்கு எத்தனை கிரெடிட் என்பதையும் முன்கூட்டியே துறையில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 1: பட்டறையைப் பிடித்தல் (ஏப்ரல்)

1. தேர்வுகள் முடியும் வரை காத்திருக்காதீர்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே தொழிற்பேட்டையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.
2. விருத்தாசலத்தில் உள்ள அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவரைப் பாருங்கள். எந்தப் பட்டறை தொடர்ந்து சூளை போடுகிறது, எந்த முதலாளி பேசக்கூடியவர் என்பது அவர்களுக்குத் தெரியும்.
3. மூன்று பட்டறைகளைத் தேர்ந்தெடுங்கள். வாரத்துக்கு இரண்டு ஏற்றமாவது நடக்கும் இடமாக இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு ஏற்றம் என்றால் ஆறு வாரத்தில் ஒப்பிட எண்ணே சேராது.
4. சூளை ஏற்றும் நேரத்திலும் இறக்கும் நேரத்திலும் போய்ப் பேசாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போங்கள்.

என்ன பேசுவது என்று பலர் தடுமாறுகிறார்கள். ‘டேட்டா அனலிடிக்ஸ் இன்டர்ன்ஷிப்’ என்று ஆரம்பித்தால், “நமக்கு எதுக்குத் தம்பி கம்ப்யூட்டர் எல்லாம்” என்ற பதில் வரும். இப்படித் தொடங்குங்கள்:

“ஐயா, நான் நல்லூர்ங்க. காலேஜ்ல படிக்கிறேன். ஒவ்வொரு சூளையிலயும் எவ்வளவு சரக்கு போகுது, எதனால போகுதுன்னு ஆறு வாரம் எழுதிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். சம்பளம் வேண்டாங்க. வேலைக்குக் குறுக்க வரமாட்டேன். உங்க கணக்கு வெளிய போகாது.”

ஊர், வேலை, பலன், செலவு, ரகசியம் ஐந்தும் அந்தச் சில வரிகளில் வந்துவிடுகின்றன.

*குறிப்பு:* ஒத்துக்கொண்டதும் அரைப் பக்க ஒப்புதல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தொடங்கும் நாள், முடியும் நாள், நீங்கள் பார்க்கும் பதிவுகள், கல்லூரி அறிக்கையில் பட்டறைப் பெயர் வரலாமா என்ற நான்கும் அதில் இருந்தால் போதும்.

படி 2: பாதுகாப்பு. இதைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள்

1. தூசி. பீங்கான் கலவையில் குவார்ட்ஸ் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற தீராத நோய் வரும். மண் அரைக்கும் இடத்திலும், காய்ந்த சரக்கைத் தேய்க்கும் இடத்திலும் என்-95 முகக்கவசம் கட்டாயம். கைக்குட்டை கட்டினால் போதாது. உலர்ந்த தரையைக் கூட்டும்போது அங்கே நிற்காதீர்கள். வீடு திரும்பியதும் அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.
2. மண் அரைக்கும் பால் மில்லும் (ball mill) பெல்ட்டும். துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு, அவிழ்ந்த கூந்தல், தளர்ந்த வேட்டி எதுவும் கூடாது. ஓடும் இயந்திரத்துக்கு அருகில் நின்று எழுதாதீர்கள்.
3. சூளை. பீங்கான் வேகும் வெப்பம் 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கதவு திறக்கும்போது நேர் எதிரே நிற்காதீர்கள். ஆறியதுபோல் தெரியும் தட்டையும் வெறுங்கையால் தொடாதீர்கள். சூளை எரியும் கொட்டகையில் தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே வெளியே காற்றுக்கு வந்து, அங்கிருப்பவர்களிடம் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.
4. கிளேஸ், அதாவது சரக்கின் மேல் வரும் கண்ணாடிப் பூச்சு. சில கிளேஸ் பொருட்களில் நச்சு உலோகங்கள் இருக்கலாம். கை கழுவாமல் டீயோ வடையோ தொடாதீர்கள்.
5. கத்திரி வெயில். மே மாதத்தில் காலை 7 மணிக்குப் போய் 11 மணிக்குள் பதிவு வேலையை முடியுங்கள். கணக்கு வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலும் ஓஆர்எஸ் பொட்டலமும் பையில் இருக்கட்டும்.

படி 3: முதல் வாரம், நடந்து பார்த்தல்

முதல் வாரம் கணினியைத் திறக்காதீர்கள். மண் வந்து இறங்குவதிலிருந்து சரக்கு கட்டுப்போவது வரை கூடவே நடங்கள். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைப்பது, பாரீஸ் சாந்து அச்சில் வார்ப்பது, காய வைப்பது, கிளேஸ் முக்குவது, சூளையில் அடுக்குவது, எரிப்பது, ஆறவிடுவது, தரம் பிரிப்பது என்று வரிசையாக ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்:

- இங்கே சரக்கு கெட்டால் எப்படித் தெரியும்?
- கெட்டதை யார் எடுத்துப் போடுகிறார்கள், எங்கே?
- இதை எங்காவது எழுதுகிறீர்களா?

சரக்கைப் பிரிக்கும் அக்காக்கள்தான் உங்கள் முதல் ஆசிரியர்கள். குறைகளைப் பார்த்த மாத்திரத்தில் இனம் பிரிக்கும் கண் அவர்களுக்கு உண்டு. விரிசல் விட்ட ஒரு துண்டை வாங்கி விளிம்பை உற்றுப் பாருங்கள். விரிசலின் ஓரத்தில் கிளேஸ் உருகி வழிந்து மழுங்கியிருந்தால், கிளேஸ் உருகுவதற்கு முன்பே, அதாவது காயும்போதோ சூடேறும்போதோ விரிசல் விட்டிருக்கிறது. ஓரம் கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாக, கிளேஸும் சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தால், ஆறும்போது விட்ட விரிசல் அது. குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு சுருங்கும். அந்த இடத்தில் சூளை அவசரமாக ஆறினால் சரக்கு பிளக்கும். ‘விரிசல்’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் இந்த வேறுபாடு தொலைந்துவிடும். பதிவேட்டில் ‘மழுங்கிய விரிசல்’, ‘கூர் விரிசல்’ என இரண்டு கட்டம் போடுங்கள்.

படி 4: ஒரே ஒரு கேள்வி

வார இறுதியில் முதலாளியிடம் உட்கார்ந்து ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். ‘உற்பத்தியை மேம்படுத்துதல்’ என்பது கேள்வியே அல்ல. ‘எந்தத் தட்டில், எந்தக் குறையால் அதிகச் சரக்கு போகிறது?’ என்பது கேள்வி. சரியான கேள்விக்கு மூன்று அடையாளம்: எண்ணால் பதில் சொல்லலாம், ஆறு வாரத்தில் முடியும், பதில் தெரிந்தால் முதலாளி எதையாவது மாற்றிச் செய்வார். மூன்றாவது இல்லையென்றால் கேள்வியை மாற்றுங்கள்.

படி 5: பதிவேடு

பழைய நோட்டு இருந்தால் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். இல்லாவிட்டால் அன்றே புது நோட்டைத் தொடங்குங்கள். ஒரு ஏற்றத்தில் ஒரு தட்டுக்கு ஒரு வரி. கட்டங்கள்:

1. தேதி
2. ஏற்ற எண்
3. பொருள்
4. தட்டு (மேல், நடு, கீழ்)
5. காய்ந்த நாட்கள்
6. ஏற்றிய எண்ணிக்கை
7. நல்ல சரக்கு
8. ஒவ்வொரு குறைக்கும் ஒரு கட்டம்
9. குறிப்பு (மழை, கரண்ட் நின்றது, எரிபொருள் மாறியது)

எரிபொருள் அளவு சூளை முழுவதற்கும் சேர்ந்தது. அதை ஏற்றத்துக்கு ஒரு வரி என்று கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

தொழிலாளர் பெயருக்குக் கட்டம் போடாதீர்கள். பலர் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்கிறார்கள். உங்கள் அட்டவணையைக் காட்டி ஒருவர் கூலியில் கை வைத்தால், அடுத்த நாளிலிருந்து யாரும் உண்மையான எண்ணைச் சொல்லமாட்டார்கள், சொல்லாதது நியாயமும்கூட. நீங்கள் ஆராய்வது வேலை முறையை, ஆட்களை அல்ல. இதை முதல் நாளே முதலாளி, தொழிலாளர் இரு தரப்பிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

*குறிப்பு:* நோட்டைப் பிரிக்கும் மேசைக்கு அருகிலேயே ஆணியில் தொங்கவிடுங்கள். எழுதுவதற்குப் பத்தடி நடக்க வேண்டியிருந்தால் எழுதமாட்டார்கள்.

படி 6: எண்களைச் சுத்தம் செய்தல்

பகுப்பாய்வுப் பயிற்சிக்குப் போன மாணவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றையே சொல்வார்கள்: மாடல் போடலாம் என்று போனோம், பாதி நாள் எண்களைத் துடைப்பதிலேயே போனது. அது வீண் வேலை அல்ல. பதிவு எப்படி உருவாகிறது என்பது அப்போதுதான் புரிகிறது. வரிசையாகச் செய்யுங்கள்:

1. நோட்டில் உள்ளதை அப்படியே ஒரு தாளில் ஏற்றி, ‘மூலம்’ என்று பெயரிட்டுப் பூட்டுங்கள். திருத்தமெல்லாம் நகலில்தான்.
2. தேதி வடிவம் ஒன்றாக இருக்கட்டும். 5/6 என்பதை எக்செல் ஜூன் ஐந்தாகவும் எடுக்கும், மே ஆறாகவும் எடுக்கும்.
3. சிலர் டஜனில் எழுதுவார்கள், சிலர் ஒற்றை எண்ணிக்கையில். எல்லாவற்றையும் எண்ணிக்கைக்கு மாற்றுங்கள்.
4. வெற்றுக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல. வெற்று என்றால் யாரும் பார்க்கவில்லை. பூஜ்யம் என்றால் பார்த்தார்கள், குறை இல்லை.
5. நல்லது, குறை இரண்டையும் கூட்டினால் ஏற்றிய எண்ணிக்கை வர வேண்டும். வராத வரிக்கு நிறம் போட்டு, மறுநாளே போய்க் கேளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

படி 7: கணக்கு

முறை புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

பத்து ஏற்றம், ஏற்றத்துக்கு 600 வீதம் 6,000 உருப்படி. போனது 540, அதாவது 9 சதவீதம். குறை வாரியாகப் பிரித்தால்: மழுங்கிய விரிசல் 270, கிளேஸில் ஊசித்துளை 108, கரும்புள்ளி 81, வளைவு 54, கையாளும்போது உடைந்தது 27. பாதி இழப்பு ஒரே குறையால் வருகிறது. மற்ற நான்கையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அந்த 270-ஐத் தட்டு வாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தட்டிலும் 2,000 ஏற்றியிருக்கிறது. மேல் தட்டில் 40, நடுவில் 50, கீழ்த்தட்டில் 180. கீழ்த்தட்டில் 9 சதவீதம் விரிசல். மற்ற இரண்டிலும் சராசரி 2.25 சதவீதம்.

இங்கேதான் பலர் அவசரப்பட்டு ‘கீழே வெப்பம் சரியில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். நிறுத்துங்கள். கீழ்த்தட்டில் வேறென்ன வித்தியாசம்? ஒரே பொருள்தானா, கனமான பொருளா? ‘காய்ந்த நாட்கள்’ கட்டத்தைப் பாருங்கள். கீழே அடுக்கியது முந்தின நாள் வார்த்த ஈரச் சரக்காக இருந்தால், குற்றம் சூளையிடம் இல்லை, காய வைத்ததில் இருக்கிறது. மழுங்கிய விரிசலும் அதற்கு ஒத்துப்போகிறது.

பிறகு ரூபாய்க்கு வாருங்கள். கீழ்த்தட்டும் மற்றவைபோல் இருந்திருந்தால் 45 போயிருக்கும். கூடுதலாகப் போனது 135. ஒரு உருப்படிக்கு மண், கூலி, எரிபொருள் சேர்ந்து 18 ரூபாய் என்றால் பத்து ஏற்றத்தில் 2,430 ரூபாய். சதவீதம் கேட்டுத் தலையாட்டும் முதலாளி, ரூபாயைக் கேட்டதும் நாற்காலியை முன்னுக்கு இழுப்பார்.

படி 8: சோதனை ஏற்றம்

1. ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: கீழ்த்தட்டுச் சரக்கை இன்னும் ஒரு நாள் காய விடுவது. கிளேஸையும் அதே வாரம் மாற்றினால் எதனால் பலன் என்று தெரியாது.
2. முடிந்தால் கீழ்த்தட்டில் பாதி பழையபடி, பாதி புதுமுறை. அடிப்பக்கம் பென்சிலால் குறியிட்டால் எரிந்துவிடும். குறியை எதனால் போடுவது என்று பட்டறையிலேயே கேளுங்கள்.
3. ஐந்து ஏற்றமாவது பாருங்கள்.
4. முடிவை நிதானமாக வாசியுங்கள். பழைய விகிதப்படி 1,000 உருப்படியில் 90 விரிசல் வரும். 80 வந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். 25 வந்தால் மாற்றம் உண்மையானது என்று நம்பலாம். ஒரே ஏற்றத்தில் உள்ளவை ஒன்றாகவே கெடும் இயல்புடையவை. அதனால் மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல், ஐந்து ஏற்றத்திலும் தனித்தனியாகக் குறைந்ததா என்று பாருங்கள்.
5. பலன் இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். பலிக்காத வழி ஒன்று தெரிந்ததும் முதலாளிக்கு லாபம்தான்.

படி 9: ஒரு பக்க அறிக்கை

கல்லூரிக்கு 40 பக்கம் வேண்டியிருக்கலாம். முதலாளிக்கு ஒரு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். வரிசை இது: என்ன செய்ய வேண்டும், செய்தால் எவ்வளவு மிச்சம், எதை வைத்துச் சொல்கிறேன், எதில் உறுதியில்லை. ஒரே ஒரு பட்டை வரைபடம். தாளைக் கொடுத்துவிட்டு வராமல், சூளைக்குப் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பேசுங்கள். அடுக்குபவரும் பிரிப்பவரும் கூட இருக்கட்டும். “இது சரிவராது தம்பி, இடம் பத்தாது” என்று அவர்கள் சொன்னால் அதுதான் உங்கள் பரிந்துரையின் உண்மையான தேர்வு. காயவைக்க இடம் ஒதுக்கும் வழியையும் சேர்த்து யோசித்துத் திருத்துங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

- பைதானில் கணிப்பு மாடல் போட்டே தீருவது என்று நிற்பது. பத்துப் பதினைந்து ஏற்றத் தரவுக்குப் பிவட் அட்டவணை போதும்.
- தரவுக் கோப்பை நண்பர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது, பொது ஏஐ செயலியில் அனுமதியில்லாமல் ஏற்றுவது. விலை, வாங்குபவர் பெயர், கலவை விகிதம் ஆகியவை பட்டறையின் சொத்து. தனிநபர் விவரம் இருந்தால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு.
- ஒரு பட்டறையில் பார்த்ததை அடுத்த பட்டறையில் சொல்வது. தொழிற்பேட்டை சிறியது, பேச்சு மாலைக்குள் திரும்பி வரும்.
- நாலு நாள் போய்விட்டு ஆறு வாரச் சான்றிதழ் கேட்பது. அடுத்த ஆண்டு உங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கதவு மூடிவிடும்.

பணம் கேட்டால் விலகுங்கள்

‘பதிவுக் கட்டணம் கட்டினால் வீட்டிலிருந்தே டேட்டா அனலிடிக்ஸ் இன்டர்ன்ஷிப், சான்றிதழ் உறுதி’ என்ற விளம்பரங்கள் கோடையில் குவியும். வேலை வாங்குபவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார். மேற்பார்வையாளர் யார், உண்மையான தரவு உண்டா, முடிவை யார் பயன்படுத்துவார் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள், பணத்தையும் கட்டாதீர்கள். கருவி கற்க ஸ்வயம், என்பிடெல் பாடங்களையே இலவசமாகப் படிக்கலாம்.

பட்டறை கிடைக்காவிட்டால்

இதே ஒன்பது படியும் வேறு இடங்களில் செல்லும். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை, உளுந்து, நெல் வரத்தும் விலையும் நாள்தோறும் பதிவாகின்றன. அக்மார்க்நெட் தளத்தில் பழைய விலைகளை இறக்கிக்கொள்ளலாம். உங்கள் ஊர் விவசாயி ஒருவருக்காக, எந்த வாரத்தில் வரத்து குவிந்து விலை இறங்குகிறது என்று பாருங்கள். முந்திரி உடைக்கும் ஆலையில் முழுப் பருப்புக்கும் உடைந்த பருப்புக்கும் உள்ள விகிதமும் நல்ல கேள்விதான்.

கடைசி நாளுக்கான பட்டியல்

1. பதிவேட்டை யார் தொடர்வார் என்று பெயர் சொல்லி முடிவு செய்து, அவரோடு உட்கார்ந்து இரண்டு ஏற்றத்தை அவர் கையாலேயே எழுத வையுங்கள்.
2. கோப்பின் ஒரு பிரதியைப் பட்டறையில் கொடுங்கள். ஒப்புதலில் இல்லாததை உங்கள் கணினியிலிருந்து அழியுங்கள்.
3. சான்றிதழில் தேதியும் செய்த வேலையும் ஒரு வரியில் இருக்கட்டும்.
4. உதவிய ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லுங்கள். பிரிக்கும் மேசையிலிருந்து தொடங்குங்கள்.
5. ஒரு மாதம் கழித்துப் போன் செய்து, கீழ்த்தட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

அந்த ஐந்தாவதை மறக்காதீர்கள். நாளை சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் ‘உங்கள் பரிந்துரை என்ன ஆனது?’ என்று கேட்டால், பல பேருக்குப் பதில் இருக்காது. பட்டறைக்காரர்கள் செய்து பார்த்தார்களா, எத்தனை உருப்படி மிஞ்சியது, எந்த இடத்தில் மாற்றிக்கொண்டார்கள் என்று நீங்கள் சொல்ல முடியும். உங்கள் கணக்கை ஒருவர் நம்பித் தன் சூளையில் செய்து பார்த்தார் என்பதைவிடப் பெரிய தகுதி இந்தத் தொழிலில் தொடக்கநிலை மாணவருக்கு வேறு இல்லை. அதை விருத்தாசலத்திலேயே சம்பாதிக்கலாம்.